இழுப்பு, மூக்குச் சதை, இடம் மாறுற எக்ஸ்ரே நிழல்: ஈ.ஜி.பி.ஏ. என்று சந்தேகம், நுரையீரலில் எதைப் பார்க்கணும்?

தோட்ட_டிஸ்பென்சரி கேட்டது:

வணக்கம். நுவரெலியாவுக்கு மேல ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில இருந்து கேக்கிறேன். கொழுந்து எடுக்கிற அம்மா ஒருத்தங்க, வயசு 44, எடை 50 கிலோ. சின்ன வயசுல இழுப்பு கிடையாது, 35 தாண்டித்தான் வந்தது. மூக்குல சதை வளர்ந்து ஒருக்கா ஒப்பரேஷனும் ஆச்சு. பெக்லோமெத்தசோன் பம்ப், சல்பியூட்டமோல் பம்ப், தியோபிலின், மொன்டெலுகாஸ்ட் எல்லாம் போகுது.

இந்த வருஷம் ரெண்டு தடவை நிமோனியா என்று அன்டிபயட்டிக் குடுத்திருக்காங்க. முதல் எக்ஸ்ரேயில வலப்பக்கம் மேலே நிழல், அடுத்ததுல அது மறைஞ்சு இடப்பக்கம் கீழே. சளிப் பரிசோதனை மூணும் காசநோய்க்கு நெகடிவ். இரத்த அணு எண்ணிக்கையில (எஃப்.பி.சி.) வெள்ளை அணு 14,000, அதுல இயோசினோபில் என்கிற வகை 30%. பிரெட்னிசோலோன் அஞ்சு நாள் குடுத்தா நல்லாகுது, விட்டா திரும்ப வருது. கிளினிக் கொப்பியில "ஈ.ஜி.பி.ஏ.?" (இயோசினோபில் கூடி சிறு இரத்தக் குழாய்கள் அழலுற நோய்) என்று கேள்விக்குறியோட எழுதி, செஸ்ட் கிளினிக்குக்கு மூணு கிழமை கழிச்சுத் திகதி போட்டிருக்கு.

இப்ப ஒரு கிழமையா இடது பாதம் தூக்க முடியல, செருப்பு கழண்டு போகுது. காலையில விரல்ல மாட்டிப் பார்த்தா ஒட்சிசன் 93%. இந்த நோய் நுரையீரல்ல என்னென்ன பண்ணும்? எங்க பக்கத்துல இதே மாதிரித் தெரியிற வேற நோய் என்ன? திகதி வரைக்கும் எதைக் கவனிக்கணும்? மொன்டெலுகாஸ்ட் நிப்பாட்டணுமா?

---

சுவாசநோய்_கண்டி:

முதலில் திகதி பற்றிய கேள்வி. திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். புதிதாக வந்த பாத வீழ்ச்சி, இத்தனை இயோசினோபிலோடு சேர்ந்தால், நரம்புக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நரம்பு போனபின் அடுத்த கை, அடுத்த கால் என்று போகும். போனது திரும்ப மாதக்கணக்காகும், சில வேளை திரும்பாது. துண்டு எழுதி இன்றே அவரை வார்டில் சேர்த்துவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 14,000இல் 30% என்றால் ஒரு மைக்ரோலீட்டருக்கு 4,200. சதவீதத்தை மட்டும் படித்து விட்டுவிடுவதால்தான் இந்த நோய் வருடக்கணக்கில் ஆஸ்துமா என்றே ஓடுகிறது. 2022இல் வந்த ஏ.சி.ஆர்./யூலார் (அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள்) வகைப்படுத்தலில் மூச்சுக்குழாய் அடைப்புக்கு 3, மூக்குச் சதைக்கு 3, இயோசினோபில் 1,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் 5, நரம்பு பாதிப்புக்கு 1. இந்த அம்மாவுக்கு 12 வருகிறது, 6 போதும். சி-ஆன்கா (ஆன்கா என்பது இரத்தத்தில் பார்க்கும் ஒரு தன்னெதிர்ப்பொருள்) பொசிடிவ் என்றால் 3 கழியும், சிறுநீரில் நுண்ணளவு இரத்தம் இருந்தால் 1 கழியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: போலி நோய்களை விலக்கி, இது இரத்தக்குழாய் அழற்சிதான் என்று முடிவான பிறகு பெயர் வைக்கத்தான் அந்தப் புள்ளிகள். புழுவும் 4,200 தரும்.

நுரையீரல் பக்கம் வருவோம். ஏறத்தாழ எல்லோருக்குமே ஆஸ்துமா இருக்கும், பெரும்பாலும் மற்ற அறிகுறிகளுக்குப் பல வருடம் முன்பே. அதற்கு மேல் வருபவை:

இடம் மாறும் நிழல்கள். இவை இயோசினோபில் நிறைந்த நிமோனியா; கிருமி அல்ல. சி.டி.யில் ஓரங்களை ஒட்டிய திட்டுகள், மங்கல் கண்ணாடி போன்ற பரப்பு, மூச்சுக்குழாய்ச் சுவர் தடிப்பு. ஸ்டீரொயிட்டுக்குச் சில நாளில் கரையும். அன்டிபயட்டிக்கோடு பிரெட்னிசோலோனும் சேர்த்துக் கொடுத்தால், நோயாளி தேறியதற்கு எது காரணம் என்று யாருக்கும் தெரியாமல் போகும். உங்கள் கொப்பியில் இரண்டு தடவையும் அதுதான் நடந்திருக்கும் போலத் தெரிகிறது.

நெஞ்சுறையில் (நுரையீரலைச் சுற்றிய உறையில்) நீர். இரண்டு வழியில் வரும். ஒன்று நெஞ்சுறையிலேயே அழற்சி. எடுத்த நீரில் புரதம் கூடும், கலங்களில் 10%க்கு மேல் இயோசினோபில் இருக்கும். மற்றது இதயம் தளர்ந்து தேங்கும் நீர். அதில் புரதம் குறைவு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டு எடுத்தாலும் காற்றும் இரத்தமும் உள்ளே போய் இயோசினோபில் ஏறும், ஆகவே முதல் தடவை எடுத்த நீரின் ரிப்போட்டைத்தான் நம்ப வேண்டும்.

நுரையீரலுக்குள் இரத்தக் கசிவு. அரிது, ஆனால் ஆளைக் கொல்லும். ஆன்கா பொசிடிவ் ஆட்களிடம் கூடுதலாக வரும்.

மூச்சுத்திணறலுக்கு நுரையீரலே காரணம் என்று நினைத்து இதயத்தை விட்டுவிடக் கூடாது. இந்த நோயில் இறப்புக்கு முதன்மைக் காரணம் இதயத் தசை அழற்சி. நெஞ்சில் கரகரப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டு என்றால் அது நிமோனியாவும் இல்லை, இழுப்பும் இல்லை. ஈ.சி.ஜி., ட்ரோபோனின், எக்கோ மூன்றும் முதல் நாளே வேண்டும். இதய பாதிப்பு ஆன்கா நெகடிவ் ஆட்களுக்குத்தான் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

ஆய்வுகூடம்_பதுளை:

சேர் சொன்ன "புழுவும் 4,200 தரும்" என்பதை விரிக்கிறேன். மலையகத்தில் இதுதான் முதல் வேலை.

கொக்கிப்புழுவும் வட்டப்புழுவும் குடலுக்குப் போகும் வழியில் நுரையீரலைக் கடக்கும். அப்போது இருமல், இழுப்பு, இடம் மாறும் நிழல் எல்லாம் வரும். ஆனால் அது சில கிழமையில் அடங்கும், பாதம் விழாது. மலத்தை மூன்று வெவ்வேறு நாளில் கொடுங்கள். வட்டப்புழு நுரையீரலில் இருக்கும் கட்டத்தில் மலத்தில் முட்டை இன்னும் வந்திருக்காது என்பதால் ஒரு நெகடிவை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

கவலைப்பட வேண்டியது ஸ்ட்ரோங்கிலோய்ட் என்ற புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களின் தோல் வழியாக ஏறி, உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல வருடம் இருக்கும். அந்த ஆளுக்கு அதிக ஸ்டீரொயிட் கொடுத்தால் புழு கட்டுமீறிப் பெருகி, குடல் கிருமிகளையும் இழுத்துக்கொண்டு நுரையீரல், மூளை வரை போகும். அப்போது இயோசினோபில் இறங்கியும் இருக்கும், ஆகவே "எண்ணிக்கை நல்லா வந்திருக்கு" என்று ஏமாறலாம். தோட்டத்தில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சிக் குளிசை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 50 கிலோவுக்கு 10 மி.கி. ஒரு நாள் அல்லது அடுத்தடுத்து இரண்டு நாள். ஸ்டீரொயிட் அவசரம் என்றால் ரிப்போட் வரும் வரை நிற்காமல் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். அதை வார்டில் முடிவு செய்வார்கள்.

அடுத்தது யானைக்கால் புழுவால் வரும் வெப்பமண்டல இயோசினோபில் நோய். இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நுவரெலியாக் குளிரில் அது பழைய பிரச்சினையும் இல்லை. மேல், தென், வடமேல் மாகாணங்களின் கரையோரம்தான் அதன் இடம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளும் பெண்களும் கொழும்பு, நீர்கொழும்பு என்று வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய் வருகிறார்கள். அதனால் "முந்தி எங்கே வேலை செய்தீங்க?" என்று கேளுங்கள். இரவில் கூடும் இருமல், 3,000க்கு மேல் இயோசினோபில், மிக உயர்ந்த ஐ.ஜி.ஈ. (ஒவ்வாமை எதிர்ப்பொருள்) இதன் அடையாளம். இதில் இரவு இரத்தப் பூச்சு பெரும்பாலும் நெகடிவாகத்தான் வரும். எதிர்ப்பொருள் பரிசோதனை வேண்டும். டை-எதில்-கார்பமசீன் கிலோவுக்கு 6 மி.கி., மூன்று கிழமை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது, ஈரச் சுவர், பூஞ்சணம் இருக்கும் லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்துக்கு வரும் ஒவ்வாமை. சளிக்கட்டி பழுப்பாக, அச்சுப்போல வரும், சி.டி.யில் நடுப்பகுதி மூச்சுக்குழாய்கள் அகன்றிருக்கும். இதிலும் பாதம் விழாது.

இரத்தம் எடுப்பது பற்றி ஒன்று. பிரெட்னிசோலோன் வாய்க்குள் போன சில மணி நேரத்தில் இயோசினோபில் விழும். எஃப்.பி.சி., ஆன்கா, ஐ.ஜி.ஈ. எல்லாம் முதல் டோஸுக்கு முன் எடுங்கள். ஏற்கனவே குடித்திருந்தால் அதைக் கோரிக்கைத் தாளில் திகதியோடு எழுதுங்கள். கொப்பியின் பழைய பக்கங்களில் இருக்கும் எஃப்.பி.சி. எல்லாவற்றையும் வெள்ளை அணுவோடு பெருக்கி ஒரு வரிசையாக எழுதினால் அதுவே நல்ல சாட்சி. மெஷின் தரும் சதவீதம் சந்தேகம் என்றால் பூச்சு போட்டு கையால் எண்ணச் சொல்லுங்கள்.

---

மலைக்காற்று:

ஆன்கா நெகடிவ் வந்தா ஈ.ஜி.பி.ஏ. இல்லை என்று சொல்லலாமா? எங்க பக்கம் அப்படித்தான் பேசிக்கிறாங்க.

---

சுவாசநோய்_கண்டி:

சொல்ல முடியாது. பொசிடிவ் வருவது 30 முதல் 40% ஆட்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் எம்.பி.ஓ. வகை. பொசிடிவ் என்றால் சிறுநீரகம், நரம்பு, நுரையீரல் இரத்தக் கசிவு பக்கம் கண் வையுங்கள். நெகடிவ் என்றால் இதயம், நுரையீரல் நிழல் பக்கம். பி.ஆர்.-3 வகை (பெரும்பாலும் சி-ஆன்காவாகத் தெரிவது) பொசிடிவ் வந்தால் வேறு நோயாக இருக்குமோ என்று திரும்ப யோசிக்க வேண்டும்.

பிரொங்கோஸ்கோபி செய்து கழுவி எடுத்த நீரில் 25%க்கு மேல் இயோசினோபில் இருந்தால் இயோசினோபில் நிமோனியா என்று சொல்லலாம், அது ஈ.ஜி.பி.ஏ.யால் வந்ததா புழுவால் வந்ததா என்று அந்த நீர் சொல்லாது. கழுவும் மற்றக் காரணம் காசநோயைத் தேடுவது. மூன்று சளி நெகடிவ் என்பது நல்ல செய்தி, முடிவு அல்ல. நீண்ட ஸ்டீரொயிட் தொடங்கும் முன் ஜீன்எக்ஸ்பெர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) ஒன்று போட்டுவிட வேண்டும். மூச்சுக்குழாய் வழியாக எடுக்கும் சின்னத் துணுக்கில் குழாய் அழற்சி அகப்படுவது குறைவு. தோலில் புள்ளி இருந்தால் அங்கே, அல்லது பாதிக்கப்பட்ட காலின் நரம்பில் துணுக்கு எடுப்பது மேல்.

---

வார்ட்_மிஸ்:

ஒட்சிசன் 93% பற்றி யாரும் பேசல, அதனால எழுதுறேன்.

நுவரெலியா டவுனே கடல் மட்டத்தில இருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர். அங்க காத்தழுத்தம் கொழும்பை விட அஞ்சில ஒரு பங்கு குறைவு. நல்ல சுகமான ஆளுக்கே 94, 95 காட்டலாம். அதனால கொழும்புப் புத்தகத்தில இருக்கிற "95க்குக் கீழ ஆபத்து" என்கிற கோட்டை அப்படியே இங்க இழுக்க முடியாது. அதே நேரம் "மலையில எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விடவும் கூடாது. வழி என்னன்னா, அதே மெஷின்ல பக்கத்தில நிக்கிற சுகமான ரெண்டு பேருக்குப் போட்டுப் பாருங்க. அவங்களுக்கு 95, இவங்களுக்கு 93 என்றா சின்ன வித்தியாசம். நடக்க வெச்சு ஒரு நிமிஷத்துக்குப் பிறகு திரும்பப் பாருங்க. 4% விழுந்தா, இல்ல உட்கார்ந்திருக்கும்போதே 90க்குக் கீழ போனா, ஒட்சிசன் போட்டு அனுப்பணும்.

காலைக் குளிர்ல விரல் ஜில்லுன்னு இருந்தா மெஷின் பொய் சொல்லும். கையைச் சூடாக்கி, கியூட்டெக்ஸ் இருந்தா துடைச்சு, நாடித்துடிப்பு எண்ணிக்கை கையால எண்ணினதோட ஒத்துப் போகுதா என்று பார்த்துத்தான் எண்ணை எழுதணும்.

பதுளைக்கோ கண்டிக்கோ இறக்கும்போது எண் தானாக் கொஞ்சம் ஏறும். "வரும்போது 92, இங்க 95, நல்லாகிட்டாங்க" என்று அங்க நினைச்சிடுவாங்க. எந்த இடத்தில, ஒட்சிசனோடயா இல்லாமலா பார்த்தது என்று துண்டில எழுதுங்க.

இரத்தக் கசிவுக்கு நாங்க பார்க்கிறது மூணு: சளியில இரத்தம், திடீர்னு விழுற ஹீமோகுளோபின், ரெண்டு பக்கமும் பரவுற நிழல். மூணில ஒரு பங்கு ஆட்களுக்கு வாயால இரத்தமே வராது. அதனால ரெண்டு நாள்ல ஹீமோகுளோபின் 1.5, 2 என்று இறங்கி, மூச்சு வாங்கினா, இரத்தம் எங்க போச்சு என்று தேடணும். மாதவிடாய், மூல வியாதி என்று சமாதானம் சொல்லிக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்க, நிமிர்த்தி உட்கார வெச்சே கொண்டு போங்க.

எங்க நாட்டில இதே மாதிரி நுரையீரல்ல இரத்தம் கசியிறது எலிக்காய்ச்சல்லயும் உண்டு. அதுல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள், தட்டணு குறைவு இருக்கும், இயோசினோபில் ஏறாது. மரக்கறித் தோட்டத்தில தண்ணியில நிக்கிற ஆள் என்றா ரெண்டையும் யோசிங்க.

---

மருந்தாளர்_அட்டன்:

மருந்துப் பக்கம். தம்பி, மொன்டெலுகாஸ்டை நீங்களா நிறுத்த வேண்டாம். அந்த மருந்து தொடங்கிய பின் ஈ.ஜி.பி.ஏ. வெளிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த மருந்தால் இழுப்பு குறைய, ஸ்டீரொயிட்டைக் குறைக்க, அது மூடி வைத்திருந்த நோய் வெளியே வந்ததுதான் கதை. 2021 ஏ.சி.ஆர். வழிகாட்டல், குடிப்பவர் தொடரலாம் என்ற பக்கமே சாய்கிறது. சில யூனிட்டில் பயந்து நிறுத்துவார்கள். அது அவர்கள் முடிவு.

எனக்குக் கூடுதல் பயம் அந்தத் தியோபிலின். நிமோனியா என்று கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் ஏதாவது சேர்ந்தால் இரத்தத்தில் தியோபிலின் ஏறும். வாந்தி, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, வலிப்பு வரை போகும். படபடப்பை இதயப் பிரச்சினை என்று ஒரு பக்கம் துரத்துவார்கள், வாந்தியைக் கேஸ்ட்ரிக் என்று இன்னொரு பக்கம்.

ஸ்டீரொயிட் தொடங்கும்போது பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி. என்றால் இந்த அம்மாவுக்கு 50 மி.கி. அதாவது 5 மி.கி. குளிசை பத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தடவையில். "பத்துக் குளிசையா?" என்று பயந்து இரண்டாகக் குறைத்துக் குடிக்கிற ஆட்கள் நிறைய. எழுதிக் கொடுக்கும்போது மி.கி. மட்டும் எழுதாமல் எத்தனை குளிசை என்றும் தமிழில் எழுத வேண்டும். 5 மி.கி.யும் 1 மி.கி.யும் ஒரே பேக்கில் போட்டுக் கொடுக்கக் கூடாது. இரத்தக் கசிவு, இதயம், வேகமாகப் போகும் நரம்பு என்றால் முதல் மூன்று நாள் மெதில்பிரெட்னிசோலோன் 500 மி.கி. முதல் 1 கிராம் வரை ஐ.வி. போகும், அது வார்டில்.

கூட எது போக வேண்டும்: நாள் 20 மி.கி.க்கு மேல் ஒரு மாதம் தாண்டும் என்றால் கோட்ரைமொக்சசோல் 480 மி.கி. தினம், அல்லது 960 மி.கி. கிழமைக்கு மூன்று நாள். நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சண நிமோனியாவைத் தடுக்க. சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். கல்சியம், விட்டமின் டி. சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி அளவு, ஏனென்றால் காலை பிரெட்னிசோலோன் பின்னேரச் சீனியைத்தான் ஏற்றும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, முக்கியமாக ரிடுக்சிமாப் (நோயெதிர்ப்பை அடக்கும் ஊசி) போடும் முன்.

---

தோட்ட_டிஸ்பென்சரி:

எல்லாருக்கும் நன்றி. துண்டு எழுதியாச்சு, பின்னேரம் ஏத்துறோம். இன்னும் ரெண்டு கேள்வி. ஸ்டீரொயிட்டோட வேற மருந்தும் வேணுமா? வீட்டுக்கு வந்த பிறகு இழுப்பு வந்தா அது பழைய ஆஸ்துமாவா, நோய் திரும்பினதா என்று நான் எப்படிப் பிரிக்கிறது?

---

சுவாசநோய்_கண்டி:

நோயின் கடுமையை அளக்க ஐந்து காரணிப் புள்ளி என்று ஒன்று 1996இலிருந்து இருக்கிறது: இதயம், குடல், மைய நரம்பு மண்டலம், கிரியட்டினின் ஏற்றம், நாள் 1 கிராமுக்கு மேல் சிறுநீரில் புரதம். ஒன்றாவது இருந்தால் ஸ்டீரொயிட் மட்டும் போதாது. நுரையீரல் இரத்தக் கசிவும் கால் நரம்பும் அந்தப் பட்டியலில் இல்லை. "புள்ளி பூச்சியம்" என்று எழுதிவிட்டு அவற்றை லேசாக எடுப்பது பெரிய பிழை. இந்த அம்மாவைக் கடும் நோயாகத்தான் நடத்துவார்கள்.

கூடச் சேர்க்கும் மருந்து சைக்ளோபொஸ்பமைட் என்றால் கிலோவுக்கு 15 மி.கி., முதல் மூன்று தடவை இரண்டு கிழமைக்கு ஒருக்கா, பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கா. வயதும் சிறுநீரகமும் பார்த்துக் குறைப்பார்கள். போட்ட நாள் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். ஏழு முதல் பதினாலு நாளுக்குள் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு வரும். அந்த நாட்களில் 38 பாகை காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இன்னொரு வழி ரிடுக்சிமாப். அடங்கிய பிறகு அசத்தியோப்பிரின் அல்லது மெத்தோட்ரெக்சேட். மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும். அதுவே நுரையீரல் அழற்சி தரக்கூடியது, ஆகவே புது வறட்டு இருமல் வந்தால் நிறுத்திவிட்டு எக்ஸ்ரே.

மெபோலிசுமாப் இயோசினோபிலையே அடக்கும் ஊசி. ஈ.ஜி.பி.ஏ.க்கு அளவு 300 மி.கி., நான்கு கிழமைக்கு ஒருக்கா. ஆஸ்துமாவுக்கு 100 மட்டும். விலை எட்டாத உயரம். அடிக்கடி இழுப்பு வந்து ஸ்டீரொயிட்டைக் குறைக்க முடியாத ஆட்களுக்குத்தான் பயன். இரத்தக் கசிவுக்கு அதை நம்பக் கூடாது.

இரண்டாவது கேள்விதான் கடினம். பிரெட்னிசோலோன் 7.5, 10 மி.கி.க்கு இறங்கும்போது பலருக்கு இழுப்பு திரும்பும், ஆனால் குழாய் அழற்சி திரும்பியிருக்காது. ஒவ்வொரு இழுப்புக்கும் 50க்கு ஏற்றினால் ஒரு வருடத்தில் எலும்பு நொறுங்கும், சீனி வியாதி வரும். இழுப்பு மட்டும், எக்ஸ்ரே சுத்தம், சிறுநீர் சுத்தம், புது மரத்துப்போதல் இல்லை என்றால் முதலில் பம்ப் பிடிக்கும் முறையைப் பாருங்கள். ஸ்பேசர் இருக்கிறதா, பெக்லோமெத்தசோன் உண்மையில் தினமும் போகிறதா, லயத்துக்குள் விறகு அடுப்புப் புகையா. பீக் ஃப்ளோ காலையும் மாலையும் எழுதச் சொல்லுங்கள். புதுப் புள்ளி, புது மரத்துப்போதல், எக்ஸ்ரேயில் புது நிழல், சிறுநீரில் இரத்தம், நெஞ்சு வலி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது நோய். இயோசினோபில் மட்டும் கொஞ்சம் ஏறினால் கிளினிக்குக்கு முன்கூட்டி அனுப்புங்கள்; அந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தை ஏற்ற வேண்டாம்.

---

வார்ட்_மிஸ்:

ஒன்னு விட்டுப் போச்சு. இழுப்புச் சத்தமே இல்லாம திடீர்னு மூச்சு முட்டி, நாடி ஓடி, ஒட்சிசன் விழுந்தா ரெண்டு காலையும் அளந்து பாருங்க. நோய் உச்சத்தில இருக்கிற மாசங்கள்ல காலில இரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போறது இவங்களுக்குக் கூடுதல், பாதம் விழுந்து படுத்த ஆளுக்கு இன்னும் கூடுதல். டி-டைமர் (இரத்த உறைவைத் தேடுற பரிசோதனை) இவங்களுக்கு எப்படியும் ஏறித்தான் இருக்கும், அதை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது. நெபுலைசரை மூணு தடவை போட்டுப் பார்த்து நேரத்தை விடாம, சி.டி. எடுக்கிற இடத்துக்கே அனுப்புங்க. முந்தி இரத்தம் துப்பியிருந்தா அதைத் துண்டில பெரிசா எழுதுங்க, ஏன்னா உறைவுக்கு ஹெப்பரின் (இரத்தம் உறையாம தடுக்கிற மருந்து) குடுக்கிறதா இல்லையா என்கிறதே அதுலதான் இருக்கு.